தேர் நின்ற நேரத்தில் நின்ற இரைச்சல்

பாடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நல்ல வாடிக்கைக்காரர். பாடுகிற ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாடுது, ஆனா கூடவே என்னமோ இரையுது" என்று சொல்கிறவர்தான் எங்கள் தொழிலைப் பிடித்த சனியன். பாடாத பெட்டியில் ஒரு வால்வு போயிருக்கும், மாற்றினால் தீர்ந்தது. இரைகிற பெட்டியில் ஒன்றுமே போயிருக்காது. கோளாறு வெளியில் எங்கேயோ, யார் வீட்டிலோ, எந்தக் கம்பத்திலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். கண்டுபிடித்தாலும் நல்ல பேர் கிடையாது. "பெட்டியவே தொறக்கல, அப்பறம் என்ன ரிப்பேர் பண்ணுன?" என்பார்கள்.

அறுபதுகளில் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தேன். ரேடியோ அந்தோணி என்றால் தெரியும். வீட்டுக்கு வீடு கரண்ட் வந்துகொண்டிருந்த காலம் அது. கரண்ட் வந்த வீட்டுக்கு முதலில் ரேடியோ வரும். அதன் பின்னாலேயே மோட்டார், டியூப்லைட், காலிங் பெல் என்று ரேடியோவைக் கெடுக்கிற சாமான்களெல்லாம் வரிசையாக வரும். சாயங்காலச் செய்தி கேட்க உட்கார்ந்து, கொர்ர் என்கிற சத்தத்துக்கு நடுவில் பாதியைக் காதால் கேட்டு மீதியை நீங்களே இட்டுக்கட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

மழையில் மட்டும் பாடின பெட்டி

தேவனாம்பட்டினத்தில் வேலாயுதம் என்று ஒருவர், மீன்பிடிக்கிற குடும்பம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதற்கு முன்னாலேயே சேதி தெரிய வேண்டும் என்று ரேடியோ வாங்கினார். குப்பத்திலேயே முதல் ரேடியோ. வாங்கின நாளிலிருந்து டர்ர் டர்ர் என்று இரைச்சல். மூன்று தடவை என் கடைக்குத் தூக்கிவந்தார். என் கடையில் வைத்தால் குயில் மாதிரிப் பாடும். அவர் வீட்டுக்குப் போனால் மறுபடி அதே கதை. நான்தான் ஏமாற்றுகிறேன் என்று குப்பம் முழுக்கப் பேச்சு.

ஒருநாள் பெரிய மழை. மழை விட்டதும் ஆள் அனுப்பினார்: ரேடியோ சுத்தமாகப் பாடுகிறதாம். நாலு நாளில் வெயிலும் கடல்காற்றும் அடித்ததும் இரைச்சல் திரும்பிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டு வாசலில் நிற்கிற கரண்ட் கம்பத்தின் மேலே கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணம் முழுக்க உப்பு படிந்திருந்தது. அந்த உப்பு வழியாகக் கரண்ட் கசிந்து பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் ஒரு டர்ர். மழை வந்தால் உப்பைக் கழுவிவிடும், இரைச்சல் நின்றுபோகும்.

கரண்ட் ஆபீசில் சொல்லி ஆள் வரவழைத்துத் துடைக்கும்வரை பொறுங்கள், அதுவரை மழை பெய்கிறபோது கேளுங்கள் என்றேன். வேலாயுதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழ வரப்போவுதான்னு கேக்கத்தான் ரேடியோ வாங்குனேன். மழ பெய்யுறப்ப மழ பெய்யுதுன்னு எனக்கே தெரியுமே, அந்தோணி."

மச்சான் கட்டின கம்பி

வேலாயுதம் கதையெல்லாம் ஒரு கதையா என்று ஆக்கிவிட்டது என் மச்சான் கதை. மச்சான் என்றால் என் சம்சாரம் லூர்துவின் அண்ணன், சேவியர். சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில் குடித்தனம். நல்ல மனுஷன், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், அமெச்சூர் ரேடியோ.

அது என்ன என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சர்க்கார் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக மெஷின் கட்டி, எந்த ஊரிலோ இருக்கிற எந்த மனுஷனோடோ காற்றில் பேசுகிற வேலை. சம்பளம் கிடையாது. என்ன பேசுவார்கள் என்றால், நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று பேசுவார்கள். கேட்கிறது என்று பதில் வந்தால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி, மாதக்கணக்காகத் துடைத்துத் தட்டி ரிசீவர் ஆக்கியிருந்தார் மச்சான். தீபாவளி முடிந்த வாரம் மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் நீளமாகக் கம்பி கட்டினார்.

அதே வாரம் தெருவில் இரைச்சல் ஆரம்பம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிடித்தால், ஊர் அடங்குகிறவரை டர்ர்-டக், டர்ர்-டக். மச்சானுக்கு, சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற அவருடைய சிநேகிதர் டாக்டரின் குரல் கேட்கவில்லை. கீழே வீட்டுக்காரர் வைத்திலிங்கம் பிள்ளைக்குச் செய்தியும் கேட்கவில்லை, கச்சேரியும் கேட்கவில்லை. பிள்ளை தாசில் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் தேதி போட்டுப் பேசுகிறவர். கம்பி கட்டின வாரமும் இரைச்சல் வந்த வாரமும் ஒன்று, அதற்கு மேல் அவருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? தை பிறந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும், ஊரில் வீடா இல்லை என்று சொல்லலாம். மச்சான் சம்சாரம் ரீட்டா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. முதல் குழந்தை ஏழாம் மாசம் வண்டியில் வந்த அலுப்பில் தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை, படி இறங்கக் கூடாது, பிள்ளை பெறுகிறவரை படுத்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தை என்றால் அவளுக்கு எட்டு மாசம். அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கே போவது? எனக்கு அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கம்பியை அவிழ்த்துப் போட்டுவிடுங்கள் என்று அவள் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

என் சம்சாரம் லூர்து மட்டும் விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"நீ ரேடியோ ரிப்பேருன்னு போர்டு மாட்டியிருக்கியே, எங்க அண்ணனுக்குப் பிரயோஜனமா அதுல ஏதாவது உண்டா?"

கழற்றிப் பார்த்தது

அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனேன். முதல் காரியமாக வீட்டு மெயின் பியூசைப் பிடுங்கினேன். வீட்டில் ஒரு பொட்டு கரண்ட் இல்லை. என் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டால் அதே டர்ர்-டக். ஆக, கோளாறு இந்த வீட்டிலேயே இல்லை. இதைப் பிள்ளையிடம் போய் மரியாதையாகச் சொன்னேன். கம்பி மேலே இருக்கிறது அல்லவா, அது ஊரில் இருக்கிற இரைச்சலையெல்லாம் இழுத்து வீட்டுக்குள் விடுகிறது என்றார். ஆண்டெனா அப்படியெல்லாம் இழுத்துக் கீழ்வீட்டில் விடாது என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். நான் பேசப் பேச அவர் முகம் பூட்டிக்கொண்டே போனது.

சரி, எதற்கு வாக்குவாதம் என்று மச்சானே மாடிக்குப் போய்க் கம்பியை அவிழ்த்தார். மூங்கிலையும் சாய்த்தார். ஒரு வாரம் மெஷினைத் தொடவில்லை. மனுஷன் அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் பையன்களை ஜாஸ்தி அடித்தார் என்று கேள்வி. இரைச்சல் குறைந்ததா என்றால், ஒரு துளி குறையவில்லை. வாரம் முடிந்ததும் இரண்டு பேரும் கீழே போய், பாருங்கள் ஐயா, கம்பி இல்லை, மெஷின் இல்லை, இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறதே, இனிமேலாவது நம்புங்கள் என்றோம். பிள்ளை ரேடியோவையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார், தீர்ப்பைச் சொன்னார்.

"ரெண்டு மாசமா ஓடுன இரைச்சல் ஒரு வாரத்துல போயிடுமா? சுவத்துல ஊறிப்போச்சு."

மில்லுக்காரர் மனக்குறை

இதற்கு நடுவில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு நெல்லு மில் முதலாளி ஆள் அனுப்பினார். வீடும் மில்லும் ஒரே கரண்ட் லைனில், நடுவில் ஒரு தோப்பு. மில் ஓடினால் வீட்டில் ரேடியோ கேட்க முடியாது. இது சுலபமான கேஸ். மோட்டாரில் கரி பிரஷ் தேய்ந்து, சுற்றச் சுற்றப் பொறி பறந்தது. பிரஷ்ஷை மாற்றி, பொறி வருகிற இடத்துக்குக் குறுக்கே ஒரு கன்டென்சரைப் போட்டேன். கன்டென்சர் என்பது சின்ன உருளை, சுருட்டு மாதிரி இருக்கும். பொறி கம்பியில் ஏறி ஊரைச் சுற்றக் கிளம்பும் முன்னால் அதை அங்கேயே முழுங்கிவிடும். மோட்டார் கடகடவென்று ஓட, வீட்டு ரேடியோவில் நாயனம் தேனாகக் கொட்டியது.

அன்றைக்காவது ஒரு ஆள் நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். மறுவாரம் முதலாளி பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார், கன்டென்சரைக் கழற்ற வேண்டுமாம். ஏன் என்றேன். மத்தியானம் சாப்பிட்டுக் கட்டிலில் படுத்திருப்பாராம், தலைமாட்டில் ரேடியோ இருக்குமாம்.

"இரையுற வரைக்கும் மில்லு ஓடுதுன்னு நிம்மதியா கண்ண மூடுவேன், தம்பி. இப்ப மில்லு ஓடுதா, வேலைக்காரனுவ தூங்குறானுவளான்னு என்ன எழுந்திரிச்சுப் போயிப் பாக்க வச்சுட்ட."

டிரான்சிஸ்டரோடு தெருவலம்

மச்சான் தெருவில் எங்கேயோ இந்த மாதிரிப் பொறி விடுகிற சாமான் ஒன்று இருக்கிறது. அது தெரிந்துவிட்டது. எந்த வீடு என்பதுதான் பாக்கி. டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தால் எந்தப் பக்கமிருந்து இரைச்சல் வருகிறது என்று ஓரளவு சொல்லும். அதைக் காதோரம் வைத்துக்கொண்டு சாயங்காலம் சாயங்காலம் சிதம்பரத்தில் நடந்தேன். மேல வீதியில் இரைந்தது. வடக்கு வீதியில் இரைந்தது. தெற்கு வீதியிலும் கொஞ்சம் இரைந்தது. எங்கெங்கே கரண்ட் கம்பி ஓடுகிறதோ அங்கெல்லாம் இரைச்சலும் கூடவே ஓடுகிறது. ஒவ்வொரு கம்பத்தடியிலும், இதோ இங்கேதான் என்று பெட்டி சத்தியம் பண்ணும். அடுத்த கம்பத்தில் அதே சத்தியம்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கரண்ட் திருட்டைப் பிடிக்க வந்த ஆள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் என்னை வாசற்படி ஏற விடவில்லை. கால் வலிதான் மிச்சம். தை வர இரண்டு வாரம்கூட இல்லை.

கீழ வீதியில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் வரப்போகிற மார்கழித் தேரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். தேர் ரொம்ப உயரம், வீதிக்குக் குறுக்கே போகிற கரண்ட் கம்பியில் இடிக்கும். அதனால் தேர் எந்த வீதிக்குள் நுழைகிறதோ, அந்த வீதிக்கு மட்டும் கரண்டை நிறுத்திக் குறுக்குக் கம்பியை அவிழ்த்துவிடுவார்கள். தேர் தாண்டினதும் மறுபடி மாட்டிக் கரண்ட் விடுவார்கள். வருஷா வருஷம் நடக்கிறது, ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. கூட்டம் அலைமோதுகிற அன்றைக்குத்தான் தன் கடையில் லைட்டும் இல்லை, பாட்டும் இல்லை என்று அவருக்கு வருத்தம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் கீழ வீதி, அப்புறம் தெற்கு வீதி, அப்புறம் மேல வீதி, கடைசியில் வடக்கு வீதி. எந்த வீதியில் கரண்ட் நிற்கிறபோது இரைச்சல் நிற்கிறதோ, அந்த வீதியில் குற்றவாளி. எந்த ஆபீசில் போய்க் கெஞ்சினாலும் எனக்காக வீதி வீதியாகக் கரண்டை நிறுத்திக் காட்டுவார்களா? சாமி தேர் ஏறினால் தானாக நடக்கிறது. பஸ்சுக்கு ஓடினேன். டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

"தேருக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே எடம் புடிக்க ஓடுறியா?"

தேர் வருகிறது, கரண்ட் போகிறது

தேரன்று காலையில் கார் பேட்டரி ஒன்றும், கரண்ட் இல்லாத கிராமத்து ரேடியோவுக்குப் போடுகிற பெரிய டிரை பேட்டரியும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தேர் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருந்தது. என் மடியில் இருந்த பேட்டரியைப் பார்த்துக் கண்டக்டர், வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்றேன், அது பொய்யில்லை.

மச்சான் மறுபடி மூங்கிலை நிமிர்த்திக் கம்பியைக் கட்டியிருந்தார். ரிசீவரை பேட்டரியில் மாட்டினோம், இப்போது வீட்டில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி பேசும். பேசும் மெஷினுக்கு அந்த பேட்டரி போதாது, கேட்க மட்டும்தான். தேரன்று என்பதாலோ என்னவோ, சாயங்காலம் கிளம்புகிற இரைச்சல் அன்றைக்குக் காலையிலிருந்தே டர்ர்-டக். எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ரீட்டா உள்ளே கட்டிலில் படுத்தபடி, கதவு வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ வீதியில் தேர் கிளம்பிய வேட்டுச் சத்தம் கேட்டது. இரைச்சல் நிற்கவில்லை. தெற்கு வீதிக்குத் தேர் திரும்பிவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். இரைச்சல் நிற்கவில்லை. மத்தியானம் தாண்டி மேல வீதிக்குத் தேர் நுழைந்தது. எங்கள் சந்திலும் கரண்ட் போயிற்று. தேர் வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஐயா, இன்றைக்கு ஒரு நாள் மாடிக்கு வந்து கேளுங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இந்த வீதியில்தான் கோளாறு, இப்போது இரைச்சல் நின்றிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து டர்ர்-டக், டர்ர்-டக் என்று அப்படியே வந்தது. மச்சான் முகம் செத்துவிட்டது. உள்ளே ரீட்டா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளை விசிறியை மடக்கினார்.

"தெருவுக்கே கரண்ட் இல்ல, உம்ம பெட்டி மட்டும் இரையுது. இதுக்கு மேல நான் என்னய்யா சொல்லணும்?"

சீர் கொடுத்த நேரம்

மேல வீதியும் வடக்கு வீதியும் சேருகிற முனையில் தேர் வழக்கமாக நிற்கும். அம்மன் மீன்பிடிக்கிற பர்வதராஜ குலத்துப் பெண் என்று ஐதீகம். கடலோரக் குப்பங்களிலிருந்து அந்த வகையறாக்காரர்கள் வந்து, எங்கள் வீட்டுப் பெண் என்று அம்மனுக்குத் தாய்வீட்டுச் சீர் கொடுப்பார்கள். தட்டுத் தட்டாக வரும், மேளம் வரும், சாவகாசமாகத்தான் நடக்கும். தேர் முனைக்கு வந்துவிட்டால் வடக்கு வீதியிலும் கரண்டை நிறுத்தியாக வேண்டும்.

பிள்ளை படி இறங்கத் திரும்பினார். அந்த நேரத்தில் பெட்டி செத்துப்போயிற்று. செத்துப்போயிற்று என்றுதான் நானும் மச்சானும் நினைத்தோம். பேட்டரி ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. டயலில் விளக்கு எரிந்தது. இரைச்சல்தான் இல்லை. இரண்டு மாசமாகக் காதிலேயே குடியிருந்த டர்ர்-டக் இல்லை. மச்சான் டயலைத் திருப்பினார். தூரத்தில் ஒரு ஆள் இருமுகிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்குச் சுத்தம். அப்புறம் தெளிவாக ஒரு குரல் வந்தது. சிலோன் டாக்டர். மச்சான் கடுதாசியில் எழுதியிருந்ததைக் கோயமுத்தூரில் இருக்கிற இன்னொரு அமெச்சூர்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கட சிதம்பரத்துச் சேவியரை இப்ப காணக் கிடைக்கிறேல்ல. பாவம் மனுசன். வீட்டுக்காரர் தையோட வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாராம். மனுசி வயித்தில பிள்ளையோட படுக்கையில கிடக்கிறா. முதல் பிள்ளையும் தங்கேல்ல. அந்த வீட்டுக்காரர் வைத்திலிங்கமும் பிள்ளை குட்டி பெத்தவர்தானே?"

கோயமுத்தூர்க்காரர், "என்னங்க பண்றது, சில பேரு அப்படித்தானுங்க" என்றார்.

மச்சான் டயலைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிள்ளை மாடிப்படியில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்றார். முதல் குழந்தை தங்காத சங்கதி அவருக்கு அதுவரை தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. உள்ளே கட்டிலை ஒரு தடவை பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அப்புறம் மேளச் சத்தம் வருகிற பக்கம் பார்த்தார். வடக்கு வீதியில் கரண்ட் நின்றதும் இரைச்சல் நின்றதை அவரும் காதால் கேட்டவர்தானே, கணக்கு அவருக்கும் விளங்கிவிட்டது. தோள் துண்டை உதறிப் போட்டார்.

"வாங்கய்யா ரெண்டு பேரும். வடக்கு வீதியில எவன் வூட்டுலேர்ந்து வருதுன்னு பாத்துப்புடுவோம். அவன் பேரையும் சிலோன்ல சொல்லட்டும்."

வடக்கு வீதியில் பிடிபட்டது

தேர் வடக்கு வீதியைத் தாண்டி நிலைக்குப் போகிறவரை காத்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது. என் டிரான்சிஸ்டரும் டர்ர்-டக் என்றது. இப்போது ஒரே வீதிதான் பாக்கி, அதுவும் ஊரில் மரியாதையான பிள்ளை முன்னால் நடக்கிறார், எந்த வீட்டிலும் கதவைச் சாத்தவில்லை. கையை வீசிக்கொண்டு, யாரென்று தெரிந்தால் என்ன கேட்க வேண்டுமோ அதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். மனசாட்சி வேண்டாமா, அக்கம்பக்கம் என்று ஒன்று இல்லையா என்றெல்லாம் வழி நெடுகப் பேச்சு.

பாதி வீதி போனதும் இரைச்சல் ஏறியது. இன்னும் நாலு வீடு போனதும் பெட்டி அலறியது. பிள்ளை நின்றார். நான் நின்றேன். அது அவருடைய மகள் கோமதியைக் கட்டிக்கொடுத்த வீடு.

"அடுத்த வீடா இருக்கும்" என்றார். அடுத்த வீட்டுக்குப் போனோம், இரைச்சல் குறைந்தது. "அந்தப் பக்கத்து வீடு" என்றார். அங்கேயும் குறைந்தது. மறுபடி மகள் வீட்டு வாசல், மறுபடி அலறல். அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, வாங்க மாமா என்று ஓடிவந்தார். உள்ளே போனால் கூடத்தில், தேர் போகிற பக்கம் பார்த்து, பெரிய நடராஜர் படம். படத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்பு. ஒன்று அணைந்து ஒன்று எரிந்து, ஒளி வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைத்தீபாவளிக்குப் பிள்ளை மெட்ராசிலிருந்து தேடி வாங்கிவந்து மாப்பிள்ளைக்குக் கொடுத்த சீர். தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போட்டால் படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவார்களாம். தேரன்று காலையிலேயே போட்டுவிட்டார்களாம்.

படத்தின் முதுகில் ஒரு சின்ன மோட்டார். அது ஒரு உருளையைச் சுற்றும். உருளை ஒவ்வொரு பல்புக்கும் கரண்டைத் தொட்டுத் தொட்டு விடும். தொடுகிற இடமெல்லாம் கருகிப்போய்ப் பொறி விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை தானே போய் ஸ்விட்சை அணைத்தார். டிரான்சிஸ்டர் அமைதியானது. போட்டார், அலறியது. அணைத்தார். போட்டார். நாலைந்து தடவை செய்துவிட்டு ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். அடுக்களையிலிருந்து கோமதியும் சம்பந்தியம்மாவும் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை ஈனசுரத்தில், உங்கள் வீட்டு ரேடியோவிலும் இந்த இரைச்சல் உண்டா என்று கேட்டார்.

"தீபாவளிலேர்ந்து நாங்க ரேடியோவே கேக்குறதில்ல, சம்பந்தி" என்றார் அந்த அம்மா. "இதைப் போட்டா அது இரையும்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். நீங்க ஆசையா குடுத்த சீராச்சே, அணைச்சு வச்சா கௌரவக் குறைச்சலா நெனச்சுப்பீங்களேன்னு வுட்டுட்டோம்."

கை கால் கழுவிவிட்டு வந்து, அவர்கள் சம்மதம் கேட்டுப் படத்தைத் திருப்பினேன். கருகின இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கன்டென்சரை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் ஒளி ஓடியது, டிரான்சிஸ்டர் மூச்சுவிடவில்லை. சம்பந்தியம்மா அதே நிமிஷம் தன் ரேடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் பிள்ளை எங்களுக்குப் பத்தடி முன்னால் நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் மச்சான் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தப் பொண்ணு அசையக் கூடாது. பெத்துப் பொழச்சு நடமாடட்டும், கொழந்தை இந்த மாடியிலயே தவழட்டும். நீ மட்டும் இப்பவே மேல போயி மெஷினப் போடு, சேவியர். நான் யாரையும் காலி பண்ணச் சொல்லலன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லிடு."

மாசியில் ரீட்டாவுக்கு அந்த மாடியிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று சிலோனுக்கு முதலில் சொன்னது மச்சான் இல்லை, மெஷினுக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைதான். எனவே, இரைச்சலில் அவதிப்படுகிற அன்பர்களே, புகாரோடு ஒருவர் வந்து நின்றால் பெட்டியைத் திறக்காதீர்கள், அவர் போன தீபாவளிக்கு யாருக்கு என்ன சீர் செய்தார் என்று முதலில் கேளுங்கள்.